கண் நிறத்தை மாற்றும் ஆபரேஷன்: ஆறு லட்சத்தோடு முடியாத செலவு

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு 26 வயது. மணப்பெண் மேக்கப் செய்கிறேன். என் வேலையை ரீல்ஸாகப் போடுவேன், அதைப் பார்த்துத்தான் ஆர்டர் வருகிறது. க்ரே கலர் லென்ஸ் போட்டு எடுத்த வீடியோக்களுக்கு மட்டும் வரவேற்பு அதிகம். தினமும் லென்ஸ் போட்டுக் கழற்றுவது தொல்லையாக இருக்கிறது. கண்ணின் நிறத்தையே லேசரில் நிரந்தரமாக மாற்றலாம் என்று இன்ஸ்டாகிராமில் ஒரு ஏஜென்ட் சொல்கிறார். வெளிநாட்டில் ஆபரேஷன், டிக்கெட், ரூம் எல்லாம் சேர்த்து ஆறு லட்சமாம். கூடவே கண்ணின் வெள்ளைப் பகுதியைப் பளிச்சென்று ஆக்கித் தருவார்களாம். சீட்டு எடுத்தால் மூன்று லட்சம் வரும், மீதிக்கு லோன் போடலாம் என்றிருக்கிறேன். லாசிக் எல்லாரும் செய்கிறார்கள், அதுவும் லேசர்தானே என்கிறான் தம்பி. டாட்டூ கடையில் இருக்கும் தோழி, கண்ணுக்குள் மை ஏற்றுவது இன்னும் சீப் என்கிறாள். கல்யாணப் பெண்களுக்கும் நானே லென்ஸ் போட்டுவிடுகிறேன், இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் கண்ணாடி பவர் மைனஸ் இரண்டரை. அம்மாவுக்கு சுகர். ஆயாவுக்கு கண் பிரஷரில் ஒரு கண் போய்விட்டது. செய்துகொள்ளலாமா? கொடுக்கும் காசுக்குப் பலன் உண்டா?

பெயர் வேண்டாம், பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை 21

பதில்: வேண்டாம். இதை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் காரணத்துக்கு வருகிறேன்.

கறுப்புக் கண்ணுக்கு என்ன குறை, கடவுள் கொடுத்ததை மாற்றலாமா என்றெல்லாம் பிரசங்கம் செய்யப்போவதில்லை. அலங்காரம் உங்கள் தொழில், க்ரே கண் உங்கள் ஆசை. அதில் நான் தலையிட ஒன்றுமில்லை. ஆனால் ஆயாவுக்கு கண் பிரஷர், அம்மாவுக்கு சுகர், எனக்கு மைனஸ் இரண்டரை என்று கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், நான் முதலில் நின்றது அங்கேதான். இந்த மூன்றும் சேர்ந்த ஒருவரின் கண்ணுக்குள்ளே டாக்டர்கள் இன்னும் ஐம்பது வருடத்துக்கு அடிக்கடி எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். அப்படிப் பார்ப்பதற்கு இருக்கும் ஒரே வழியைத்தான் நீங்கள் காசு கொடுத்து மறைக்கப் பார்க்கிறீர்கள்.

எப்படி என்று சொல்கிறேன். கைக்கடிகாரத்தில் முள் சுற்றும் தட்டுக்கு மேலே ஒரு கண்ணாடி இருக்கிறதல்லவா, அதுபோல நம் கண்ணின் முன்பக்கம் நிறமே இல்லாத ஒரு படலம் இருக்கிறது. அதன் பெயர் கார்னியா. அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் கனம். அதற்குப் பின்னால் கொஞ்சம் தண்ணீர், அதற்கும் பின்னால் ஐரிஸ். பழுப்பு, நீலம் என்று நாம் சொல்கிற நிறம் ஐரிஸில் இருக்கிறது. ஐரிஸின் நடுவே இருக்கும் ஓட்டையைத்தான் பாப்பா என்கிறோம். கண் நரம்பு, விழித்திரை, புரை எதைப் பரிசோதிப்பதானாலும் அந்தக் கண்ணாடி வழியாக, அந்த ஓட்டை வழியாகத்தான் நாங்கள் பார்த்தாக வேண்டும்.

உங்கள் ஏஜென்ட் சொல்லும் ஆபரேஷன் எந்த வகை என்று கடிதத்தில் இல்லை. கேட்டால் அவருக்கே தெரியுமோ என்னவோ. உலகத்தில் இப்போது மூன்று விதமாகச் செய்கிறார்கள்.

ஒன்று, கலர் போட்ட சிலிக்கான் வளையத்தை மடித்து, கார்னியாவின் ஓரத்தில் சின்னதாக வெட்டி உள்ளே நுழைத்து, ஐரிஸுக்கு முன்னால் விரித்துவிடுவது. கார்னியாவுக்கும் ஐரிஸுக்கும் நடுவே மொத்த இடைவெளியே மூன்று மில்லிமீட்டர்தான். அதுவும் மையத்தில். ஓரத்துக்குப் போகப்போக இன்னும் நெருக்கம். அந்த இடத்தில் ஒரு வளையத்தைத் திணித்தால் அது முன்னால் கார்னியாவின் உள்பக்கத்தை உரசும், பின்னால் ஐரிஸை உரசும். கார்னியாவின் உள்பக்கம் ஒரே ஒரு வரிசை செல்கள் இருக்கின்றன. கார்னியாவைத் தெளிவாக வைத்திருப்பது அவைதான். செத்தால் திரும்ப முளைக்காது. போதுமான அளவு செத்துவிட்டால் கார்னியா நீர் கோத்து வெளுத்துவிடும். அப்புறம் கண் தானம் கொடுத்த இன்னொருவரின் கார்னியாவுக்காகக் காத்திருக்க வேண்டும். இது ஒருபக்கம். கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறும் வடிகால் ஐரிஸின் ஓரத்தில்தான் இருக்கிறது. அது அடைபட்டால் கண் பிரஷர் ஏறும். உள்ளே அழற்சி வரும், சின்ன வயதிலேயே புரையும் வரும். அமெரிக்காவில் வசிக்கும் ஒரு இன்ஸ்டாகிராம் மாடல் 2016ல் கொலம்பியாவுக்குப் போய் இந்த வளையத்தைப் போட்டுக்கொண்டு வந்தார். பிறகு அதை எடுத்தே ஆக வேண்டியதாயிற்று. பார்வையில் பெரும்பகுதி போனது போனதுதான். பிறவியிலேயே ஐரிஸ் இல்லாதவர்களுக்கும் விபத்தில் இழந்தவர்களுக்கும் செயற்கை ஐரிஸ் வைப்பது உண்டு. அது சிகிச்சை. நல்ல ஐரிஸ் இருக்கும்போது அதன்மேல் இன்னொன்றைப் போர்த்துவது வேறு சமாச்சாரம்.

இரண்டாவது, ஐரிஸில் இருக்கும் பழுப்பு நிறமியை லேசரால் சுட்டுக் கரைப்பது. நீலக் கண்ணில் நீல நிறமி என்று எதுவும் கிடையாது. பழுப்பு நிறமி குறைவாக இருப்பதால், வெளிச்சம் சிதறி நமக்கு நீலமாகத் தெரிகிறது. அதனால் பழுப்பை எடுத்துவிட்டால் நீலம் வந்துவிடும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் சுட்ட நிறமி எங்கே போகும்? தூள்தூளாகத் தண்ணீரில் கலந்து, நான் மேலே சொன்ன அதே வடிகாலுக்குத்தான் போகும். ஆயாவுக்கு குளுக்கோமா, அதாவது கண் பிரஷர் நோய், இருந்த குடும்பத்தில் அந்த வடிகாலில் குப்பையைக் கொட்டச் சொல்லி எந்தக் கண் டாக்டரும் எழுதித் தர மாட்டார்.

மூன்றாவதுதான் இப்போது இன்ஸ்டாகிராமில் அதிகம் ஓடுகிறது. உங்கள் ஏஜென்ட் சொல்வதும் அநேகமாக இதுவாக இருக்கும். ஃபெம்டோசெகண்ட் லேசரால் கார்னியாவின் கனத்துக்குள்ளேயே வளையமாக ஒரு சுரங்கம் போட்டு, அதற்குள் சாயத்தை நிரப்புகிறார்கள். கெரட்டோபிக்மென்டேஷன் என்று பெயர். ஐரிஸை யாரும் தொடுவதில்லை, அது உள்ளே பழுப்பாகவே இருக்கும். அதற்கு முன்னால் சாயத்தால் ஒரு திரை விழுகிறது, அவ்வளவுதான்.

இதில் பழைய, நியாயமான ஒரு பயன் உண்டு. அடிபட்டோ புண் வந்தோ கண்ணில் பூ விழுந்து, பார்வையும் போய், வெள்ளையாகத் தெரிகிற கார்னியாவில் கறுப்புச் சாயம் ஏற்றி மறைப்பார்கள். இரண்டாம் நூற்றாண்டில் காலன் என்ற கிரேக்க வைத்தியரே இதை முயன்றிருக்கிறார். பூ விழுந்த கண்ணோடு கல்யாணச் சந்தையில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு அந்தச் சாயம் பெரிய நிம்மதி, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அவளுக்கு இழக்க அந்தக் கண்ணில் பார்வை இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

சாயத் திரையின் நடுவில் பார்ப்பதற்கு ஒரு வட்டம் விடுவார்கள், சுமாராக ஐந்து மில்லிமீட்டர். அந்த வட்டம் விரியாது, சுருங்காது. உங்கள் பாப்பாவோ இருட்டில் ஏழு மில்லிமீட்டர் வரை விரியக்கூடியது. அப்போது சாயத்தின் விளிம்பு பார்வைக்குள் வரும். விளக்கைச் சுற்றி வளையம், கூச்சம், ஓரப் பார்வையில் குறைவு எல்லாம் வரலாம். ராத்திரி எம்.சி. ரோட்டில் எதிரே வரும் ஆட்டோவின் ஹெட்லைட்டை நினைத்துப் பாருங்கள். சாயம் கசியலாம், மங்கலாம், ஒரு பக்கம் திட்டாக நிற்கலாம். சாயம் ஒத்துக்கொள்ளாமல் அழற்சி வரலாம். கிருமி புகலாம், கார்னியா வடிவம் கெடலாம். எல்லாருக்கும் வரும் என்று சொல்லவில்லை. பலருக்கு முதல் சில வருடம் ஒன்றும் தெரியாமல்கூட இருக்கும். ஆனால் இருபது வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று சொல்ல, நல்ல கண்ணில் இப்படிச் செய்துகொண்டவர்களின் இருபது வருடக் கணக்கு யாரிடமும் இல்லை. அமெரிக்கக் கண் மருத்துவர்களின் அகாடமி, 2024 ஜனவரியில், அழகுக்காக வளையம் வைப்பதையும் சாயம் ஏற்றுவதையும் செய்துகொள்ள வேண்டாம் என்று பொதுமக்களுக்கு எச்சரிக்கை விட்டது.

இப்போது உங்கள் குடும்பத்துக்கு வருகிறேன். குளுக்கோமா குடும்பத்தில் ஓடும் நோய். உங்களைப் போல மைனஸ் பவர் உள்ள கிட்டப்பார்வைக்காரர்களுக்கு வாய்ப்பு இன்னும் கொஞ்சம் அதிகம். அதைக் கண்டுபிடிக்க வடிகால் கோணத்தைக் கார்னியாவின் ஓரம் வழியாகப் பார்க்க வேண்டும். ஓரப் பார்வையை அளக்க வேண்டும். சாயத் திரை மறைப்பது சரியாக அந்த ஓரத்தைத்தான். அம்மாவுக்கு சுகர் என்றால் உங்களுக்கும் நாளைக்கு வரலாம். அப்போது வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையை ஓரம் வரைக்கும் பார்க்க வேண்டும். அதுவும் கடினமாகும். புரை ஆபரேஷன் செய்கிறவருக்கும் வேலை சிரமம்தான். இன்னொன்று, இந்த மாதிரி ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்டீராய்டு சொட்டு மருந்து போடச் சொல்வார்கள். அதுவே சிலருக்கு கண் பிரஷரை ஏற்றும். குடும்பத்தில் குளுக்கோமா உள்ளவர்களிடம் இதைக் கூடுதலாகப் பார்க்கிறோம்.

தம்பியின் லாசிக் கேள்வி நல்ல கேள்வி. மெஷின்கூடப் பல இடங்களில் ஒரே மெஷின்தான். ஆனால் லாசிக் செய்கிறவர் கார்னியாவின் வளைவைச் செதுக்கி, கண்ணாடி போடும் குறையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார், உள்ளே எதையும் விட்டுவைப்பதில்லை. கார்னியா தெளிவாகவே இருக்கிறது. லாசிக்கிலும் கண் உலர்வது, ராத்திரி கூசுவது எல்லாம் உண்டு. அதனால்தான் கார்னியாவின் கனம், வடிவம், பவர் நிலையாக இருக்கிறதா என்று ஆயிரம் பரிசோதனை செய்து, பாதிப் பேரைத் திருப்பி அனுப்புகிறோம் (சரி, பாதிப் பேர் என்பது கொஞ்சம் மிகை). உங்கள் மைனஸ் இரண்டரைக்கு லாசிக் பற்றி யோசிப்பதானால் தாராளமாக வாருங்கள், பேசலாம். ஆனால் கார்னியாவில் ஏற்கெனவே சாயச் சுரங்கம் இருந்தால் அந்தக் கதவும் கிட்டத்தட்ட மூடிவிடும்.

வெள்ளைப் பகுதியைப் பளிச்சென்று ஆக்குவதும் சேர்த்து என்கிறாரே, அதற்கு வெண்விழியின் மேல்தோலை உரித்தெடுத்து, அது திரும்ப வளராமல் இருக்க வீரியமான மருந்து தடவுவார்கள். சிலருக்கு அந்த இடம் மெலிந்து, அரித்து, சுண்ணாம்பு படிந்துவிட்டது. அழகு ஆபரேஷனுக்குப் பேர்போன தென்கொரியாவே 2011ல் இதை நிறுத்தச் சொல்லிவிட்டது. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். டாட்டூ தோழி சொல்வது அதைவிட மோசம். ஊசியால் வெண்விழியில் மை ஏற்றுவதால் ஐரிஸின் நிறம் மாறவே மாறாது, வெள்ளைதான் கலராகும். ஊசி அரை மில்லிமீட்டர் ஆழமாக இறங்கினால் கண்ணுக்குள் போய்விடும். 2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடையில் நாக்கைப் பிளந்துவிட்டதற்காகக் கைது நடந்தது ஞாபகம் இருக்கும். டாக்டர் செய்ய வேண்டியதைக் கடையில் செய்தால் அது போலீஸ் கேஸ் என்று தோழிக்கும் சொல்லிவையுங்கள்.

காசு விஷயம். சாயம் ஏற்றும் ஆபரேஷனுக்கு நியூயார்க்கில் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 12,000 டாலர் அளவுக்கு வாங்குவதாகப் பத்திரிகைகளில் வந்திருக்கிறது. நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். உங்களுக்கு டிக்கெட், ரூம், ஏஜென்ட் கமிஷன் எல்லாம் சேர்த்தே ஆறு லட்சத்தில் முடிகிறது என்றால் எங்கே குறைக்கிறார்கள்? டாக்டரிலா, சாயத்திலா, ஆபரேஷன் தியேட்டரிலா? எதில் குறைத்தாலும் குறைவது உங்கள் கண்ணுக்குத்தான்.

அந்த ஆறு லட்சம் நுழைவுக் கட்டணம்தான். சாயம் மங்கினால் திரும்ப ஏற்ற வேண்டும், திரும்ப டிக்கெட். மூன்றாம் நாள் ராத்திரி கண் சிவந்து வலித்தால் ஆபரேஷன் செய்தவர் வேறு நாட்டில் இருப்பார், என்ன சாயம், எவ்வளவு ஆழம் என்ற குறிப்புகூட இல்லாமல் நீங்கள் இங்கே ஒருவர் முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். மெடிக்ளைம் இருந்தாலும் உதவாது. அழகு ஆபரேஷனை ஹெல்த் இன்சூரன்ஸ் பாலிசிகள் வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கின்றன. லாசிக்குக்கூட பவர் 7.5க்குக் கீழே இருந்தால் தர மாட்டார்கள். இங்கேயே செய்வதாக யாராவது சொன்னாலும், நோய்க்கான சிகிச்சைக்கு ஜிஎஸ்டி கிடையாது, அழகு ஆபரேஷனுக்கு 18 சதவீதம் உண்டு. பில்லில் அது இல்லையென்றால் பில்லே சரியில்லை என்று அர்த்தம். கண் பிரஷர் வந்துவிட்டால் ஆயுள் முழுக்க சொட்டு மருந்து. ஆயாவுக்கு வாங்கிப் போட்டிருந்தால் மாதாமாதம் என்ன ஆகும் என்று வீட்டில் தெரிந்திருக்கும். லோன் தவணை அதற்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படும் செலவு ஒன்று உண்டு. நீங்கள் கண்ணை வைத்துப் பிழைக்கிறவர். ஒரு ஃபவுண்டேஷனுக்கும் அடுத்த ஷேடுக்கும் உள்ள வித்தியாசம், ஐலைனர் கோடு ஒரு நூல் இறங்கினால் தெரிவது, விடிகாலை நாலு மணி முகூர்த்தத்துக்கு மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்தில் வேலை செய்வது. பார்வையின் கூர்மை கொஞ்சம் குறைந்து, கொஞ்சம் கூச ஆரம்பித்தால் கண் டெஸ்டில் கடைசி வரி வரைக்கும் படித்துவிடுவீர்கள், ஆனால் வேலையில் தடுமாறுவீர்கள். ரீல்ஸில் உங்கள் கண்ணைப் பார்த்து வருகிற ஆர்டரைச் செய்து முடிக்க வேண்டியதும் அதே கண்தான். இன்னொன்றும் சொல்கிறேன், கேமராவில் தெரியாத விஷயம். கார்னியாவில் ஏற்றிய சாயம் பக்கத்தில் நின்று பார்த்தால் தட்டையாக, அச்சடித்த மாதிரி இருக்கும். ஐரிஸில் இருக்கும் இழைகளும் ஆழமும் அதில் வராது. மேக்கப்காரரான உங்களுக்கே அது பிடிக்காது.

சரி, இப்போது திட்டப் போகிறேன். கல்யாணப் பெண்களுக்கு நீங்களே லென்ஸ் போட்டுவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒருவருக்குப் போட்டதைக் கழுவி இன்னொருவருக்குப் போடுவது உண்டா? அதை நீங்கள் எழுதவில்லை. உண்டு என்றால் இன்றோடு நிறுத்துங்கள். ஒன்றும் ஆகவில்லை என்று நீங்கள் நினைப்பதற்குக் காரணம், ஆனவர்கள் உங்களிடம் வர மாட்டார்கள், எங்களிடம் வருவார்கள். 'கல்யாணத்துக்கு லென்ஸ் போட்டேன் டாக்டர்' என்பார்கள், போட்டுவிட்டவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா கார்னியாவை இரண்டே நாளில் கரைத்துவிடும். மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணீர், ஓவர்ஹெட் டாங்க் எதிலும் இருக்கக்கூடிய அகந்தமீபா என்ற நுண்ணுயிரி லென்ஸில் ஒட்டிக்கொண்டு கண்ணுக்குப் போனால் மாதக்கணக்கில் மருந்து, தாங்க முடியாத வலி. லென்ஸையோ டப்பாவையோ தண்ணீரில் கழுவவே கூடாது. சொல்யூஷன் மட்டும்தான், அதுவும் பழையதைக் கொட்டிவிட்டுப் புதியது.

மணப்பெண் லென்ஸ் கேட்டால், கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பே ஒரு கண் டாக்டரிடமோ ஆப்டோமெட்ரிஸ்டிடமோ அனுப்பி, அளவு பார்த்து, ஒருநாள் போட்டு எறியும் கலர் லென்ஸை அவள் பெயரிலேயே வாங்கச் சொல்லுங்கள். லென்ஸை முதலில் போட்டு, அப்புறம் மேக்கப். கழற்றும்போதும் முதலில் லென்ஸ், அப்புறம் மேக்கப் ரிமூவர். ஹோமப் புகை கிளம்பும் கல்யாணமாக இருந்தால், புகை அடங்கிய பிறகு ரிசப்ஷனுக்கு மட்டும் போட்டால் போதுமே. லென்ஸோடு தூங்க விடாதீர்கள். கண் சிவந்தாலோ, வெளிச்சம் பட்டுக் கூசினாலோ லென்ஸைக் கழற்றி அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். அந்த லென்ஸையும் டப்பாவையும் எறியாமல் கையோடு எடுத்துப் போனால் எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க எங்களுக்கு உதவும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்துவிட்டால் கிருமிக்குத் தீனி போட்ட கதையாகிவிடும். மெட்ராஸ் ஐ என்று நினைத்துப் பக்கத்து வீட்டு மருந்தை ஊற்றிக்கொள்வதும் அப்படித்தான்.

உங்களுக்கும் இதே வழிதான். க்ரே கண் ரீல்ஸுக்கு வேண்டும் என்றால், ஷூட்டிங் நாளில் மட்டும் உங்கள் பவரிலேயே ஒருநாள் கலர் லென்ஸ். தினமும் வேண்டாம், லாரிப் புழுதியில் ஸ்கூட்டி ஓட்டும்போது நிச்சயம் வேண்டாம். ஆறு லட்சத்துக்கு எத்தனை ஜோடி வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் ஹேசல், அதற்கடுத்த மாதம் உங்கள் சொந்தக் கண். ஃபேஷன் மாறும்போது சாயத்தை அப்படி மாற்ற முடியாது.

சீட்டு எடுக்கும் முன்னால் ஒரு காலை நேரத்தை ஒதுக்கிக் கண்ணை முழுதாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, அங்கே கண் பிரிவு உண்டு. 1819ல் ஆரம்பித்த எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கும் போகலாம். கட்டணம் கிடையாது. காத்திருக்க வேண்டியிருக்கும், டிபன் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஆயாவுக்கு குளுக்கோமா இருந்ததை மறக்காமல் சொல்லுங்கள். சொன்னால்தான் கண் பிரஷர், வடிகால் கோணம், கண் நரம்பு மூன்றையும் பார்ப்பார்கள். அம்மாவையும் அழைத்துப் போங்கள், சுகர்காரர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும். பாப்பாவை விரிக்க இரண்டு பேருக்கும் சொட்டு போடுவார்கள், நாலைந்து மணி நேரம் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். அதனால் அன்றைக்கு மேக்கப் ஆர்டர் எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்கூட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் போய் வாருங்கள்.